தெரியவில்லை: 56 பேர்

2022 பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய இசோபே சிஸுரு சான் அவர்களுக்கு,

பிளம் மரம் பூத்ததா, குளிர் குறைந்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். அதுதான் முறை. ஆனால் நான்கு புத்தாண்டு வாழ்த்து அட்டைகளுக்கும் பதில் போடாதவரிடம் பூவைப் பற்றி விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன வாரம் தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதை அடுப்பில் போடுவதாக இருந்தாலும் முதலில் உறையைப் பிரிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

நான் குஸே மசாதோ, மாவட்டப் பத்திரிகையின் நகரக் கிளை நிருபர். 2017 அக்டோபரில் நாமிசாகிக்கு வந்து உங்கள் சலூனில் முடி வெட்டிக்கொண்டவன். மதியம் உங்கள் வீட்டிலேயே சுட்ட கானாங்கெளுத்தியும் சோறும் சாப்பிட்டவன். அதன் பிறகு நான் எழுதியதில் உங்களுக்குக் கோபம் என்று ஊகிக்கிறேன். எதனால் என்று சரியாகத் தெரியாது.

விஷயம் இதுதான். நகர அலுவலகத்தின் புதிய பேருந்துத் திட்டம் என் மேசைக்கு வந்தது. ஏப்ரல் முதல் பேருந்து கணவாயோடு திரும்பிவிடும், நாமிசாகிக்கு இறங்காது. காரணம் ஒரே வரியில் இருக்கிறது: 'பேருந்து அவசியப்படும் மக்கள், நாமிசாகி: 3'. பதினைந்து வயதுக்குக் கீழே இரண்டு பேர், எழுபத்தைந்துக்கு மேலே ஒருவர், ஆக மூன்று. மார்ச் 17 அன்று கூட்டம் கூடி முடிவெடுக்கிறார்கள்.

அந்த மூன்று எனக்கு உறுத்தியது. 2020 சென்சஸின் ஊர்வாரி அட்டவணை இப்போதுதான் வெளியாகியிருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாமிசாகி, மொத்தம் 61 பேர். அந்த மூன்று பேர் இருக்கிறார்கள். நடுவயதில் இரண்டு பேர். அட்டவணையின் வலது ஓரத்தில், யாரும் எட்டிப் பார்க்காத கடைசிக் கட்டத்தில், 'வயது தெரியவில்லை: 56' என்று இருக்கிறது. சுற்றியுள்ள பதினாறு ஊர்களிலும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் அல்லது ஒன்று. 2015-இல் உங்கள் ஊரிலும் பூஜ்யம்தான்.

ஐம்பத்தாறு பேருக்கு வயது எங்கே போனது? முனைக்கு அப்பால் மீன் பதனிடும் கொட்டகைகளில் வெளியாட்களை ஒளித்து வைத்து வேலை வாங்குகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் பெரிய செய்தி. நாமிசாகிக்குக் கணக்கெடுப்பாளராக இருந்தவர் நீங்கள். ஒவ்வொரு கதவையும் தட்டியவர். உங்கள் பெயரைப் போடமாட்டேன். வழி மட்டும் காட்டுங்கள்.

குஸே மசாதோ


2022 பிப்ரவரி 14

நிருபர் சான்,

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். உறை மழையில் நனைந்திருந்ததால் பிழைத்தது.

நாமிசாகியில் ஒரு பூனையைக்கூட ஒளித்து வைக்க முடியாது. எந்தப் பூனை யார் வீட்டு மீனைத் தின்றது என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஒளித்து வைத்த ஆட்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் அடுத்த நாளே போலீஸ் வண்டி வரும். அதையும் செய்துவிட்டுப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவீர்கள்.

கணக்கெடுப்பாளராக நான் நான்கு முறை இருந்திருக்கிறேன். கதவருகில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று நான்கு முறையும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் தீர்ந்துபோகிற கையெழுத்து அல்ல அது. என்னை எரித்துச் சாம்பலாக்கும் வரை நிற்கும். எந்த வீடு படிவம் கொடுத்தது, எந்த வீடு கொடுக்கவில்லை என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

எதனால் கோபம் என்று தெரியாதாம். நினைவுபடுத்துகிறேன். அன்று காலை பத்தரைக்கு அலுவலகக் காரில் வந்தீர்கள், மூன்று மணிக்குக் கிளம்பினீர்கள். குழந்தைகளுக்கு முடி வெட்ட நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் குறுக்கே போடும் பலகையைச் சுவரோரம் பார்த்தீர்கள். அதன்மேல் ஏன் ரேடியோ உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டே, "உக்கார பொடிசுங்க எங்க இருக்கு? விட்டா பத்து வருசத்துல நாற்காலியும் ரேடியோவுக்குத்தான்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது சலூன்காரி பேசுவது பொழுதுபோக்குக்கு. மூன்றாம் நாள் கால் பக்கத்துக்குத் தலைப்பு வந்தது: 'பத்து வருடத்தில் ஆளில்லாக் கரை'. அதன் கீழே என் பெயர், என் வயது, அந்த வாக்கியம். நான் சிரித்தது மட்டும் அதில் இல்லை. 'வேதனையோடு கூறினார்' என்று போட்டிருந்தீர்கள்.

சொல்லக் கூடாததைச் சொல்லமாட்டேன். யாருக்கும் தெரிந்ததைச் சொல்லத் தடையில்லை. கணக்கெடுப்பாளர் கையேடு ரகசியமல்ல, நகர அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். பதில் தராத வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியைப் படியுங்கள். பிறகு காரை விட்டுவிட்டு, நகரத்திலிருந்து முதல் பேருந்தில் வாருங்கள். ஏழு ஐந்துக்கு எங்கள் ஊரில் வந்து நின்று, பத்து நிமிடத்தில் திரும்பும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதையே சமைத்து மாவட்டம் முழுக்கப் பரிமாறியவர் நீங்கள் ஒருவர்தான்.

பேருந்து நிற்கப்போகிறது என்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. வாருங்கள். என் கடைக்கு மட்டும் வராதீர்கள்.

இசோபே


2022 பிப்ரவரி 21

இசோபே சான்,

கையேட்டைப் படித்தேன். பல முறை போயும் படிவம் தராத வீடாக இருந்தால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். பெயர், ஆணா பெண்ணா, எத்தனை பேர், இவ்வளவுதான் கேட்கலாம். வயது கேட்க முடியாது. அப்படியென்றால் அந்த ஐம்பத்தாறு பேரும் அக்கம்பக்கத்தார் வாயால் எண்ணப்பட்டவர்கள். யாரும் ஒளிந்திருக்கவில்லை, வயதைத்தான் மறைத்துக்கொண்டார்கள். இது எனக்கு அலுவலக நாற்காலியிலேயே புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் வந்தேன். கணவாயைத் தாண்டும் வரை நானும் ஓட்டுநரும்தான். என் மனத்துக்குள் 'காலிப் பேருந்து' என்று ஒரு வாக்கியம் தானாக எழுதிக்கொண்டது. நாமிசாகி நிறுத்தத்தில் இறங்கினால் பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சள் தொப்பிகள். எண்ணினேன், ஒன்பது பேர். நெட்டையான ஒரு பையன் மற்றவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியிடம் உனக்கு எத்தனை வயது என்று கேட்டேன். அவள் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"நோட்டு வச்சிருக்கறவங்ககிட்ட வயசு சொல்லக் கூடாதுன்னு தொகுரா தாத்தா சொல்லியிருக்காரு."

எந்த வகுப்பு என்று கேட்டதற்கு, இரண்டாவது என்று உடனே சொன்னாள். அதையும் சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது பேரும் ஏறினார்கள், பேருந்து போய்விட்டது. அட்டவணை இரண்டு என்று சொன்ன பிள்ளைகள் அவர்கள்.

பிறகு ஊர் மன்றத்துக்குப் போனேன். அறிவிப்புப் பலகைக் கண்ணாடிக்குள் என் கட்டுரை மஞ்சள் பூத்துத் தொங்குகிறது. அதைச் சுற்றிலும் தடித்த பேனாவில், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வரி. '2018: இருக்கிறோம்.' '2019: இருக்கிறோம்.' கடைசியில், '2022: இருக்கிறோம். இன்னும் ஐந்து வருடம் பாக்கி.' நான் படித்துக்கொண்டிருக்கும்போது ஊர்த் தலைவர் தொகுரா சான் பின்னால் வந்து நின்றார். நீங்கதானா என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"அந்த வருசம் இசோபே வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. பொண்ணோட அப்பா உங்க பேப்பரக் கையில புடிச்சுக்கிட்டு வந்தாரு. 'பையனோட அம்மாவே சொல்றாங்க, பத்து வருசத்துல யாரும் இருக்க மாட்டாங்கன்னு. சுடுகாட்டுலயா என் பொண்ணக் குடுக்கறது'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

2020 சென்சஸ் வந்தபோது, வீடு வீடாகக் கைமாறும் சுற்றுப் பலகையில் அவர் ஒரு தாள் வைத்தாராம். வயதைக் கொடுத்தால் நமக்கு நாள் குறிக்கிறார்கள், நான் கொடுக்கப்போவதில்லை, மற்றவர்கள் விருப்பம் என்று. பலகை திரும்பி வந்தபோது, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் முத்திரை எல்லா வீட்டிலிருந்தும் அதில் விழுந்திருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களும் ஊரோடு ஒத்துப்போனார்கள். ஒசாகாவிலிருந்து ஒரு குடும்பம் மட்டும் பலகை சுற்றி முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. விவரம் தெரியாமல் படிவத்தை முழுதாக நிரப்பிவிட்டது. அட்டவணையில் வயதோடு இருக்கும் ஐந்து பேரும் அவர்கள்தான்.

நான் கண்டுபிடிக்க வந்த மர்மம் நானே செய்தது. உங்கள் மகன் கியோதாகா சானின் திருமணம் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. வருந்துகிறேன். நீங்கள் சிரித்துச் சொன்னதை வேதனை என்று எழுதியதற்கு வருந்துகிறேன். உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டு அதைச் செய்ததற்கு வருந்துகிறேன். உங்கள் கடை வாசலில் சலூனுக்கு அடையாளமான சிவப்பு நீல விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்னபடி உள்ளே வரவில்லை.

குஸே மசாதோ


2022 பிப்ரவரி 26

நிருபர் சான்,

வருந்துகிறேன் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன். எண்ணுவதுதானே என் வேலை.

தொகுரா சொன்னதில் ஒன்று குறைகிறது, அது அவருக்குத் தெரியாது. பெண்ணின் அப்பா போன பிறகு கியோதாகா பத்திரிகையைத் தரையிலிருந்து எடுத்துப் படித்தான். "நீ சொன்னியாம்மா?" என்று கேட்டான். "சொன்னேன்" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன் என்று விளக்கியிருக்கலாம். விளக்கி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் அவன் படகுக் கொட்டகையிலேயே சாப்பிட்டான். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காலிப் பாத்திரத்தை எடுத்து வருவேன். அந்த ஒரு மாதத்துக்கு உங்கள் மூன்று வருத்தமும் காணாது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்குத்தான் பொருந்தும். உங்கள்மேல் முழுசாகக் கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் வாய் என்னுடையது. அதை நினைத்தால் உங்கள்மேல் இன்னும் கோபம் வருகிறது.

அடுத்த வசந்தத்தில் கியோதாகா ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பூட்டிக் கிடந்த வீடுகளின் கூரையைச் சரி செய்ய ஆரம்பித்தான். கணவாயே மூடும் அளவுக்குப் பனி விழுந்த வருடத்தில்கூட நிறுத்தவில்லை. எதற்குடா என்று கேட்டால், "பத்து வருசம்னு எழுதியிருக்கான்ல, பாத்துடலாம்" என்பான். மீன் பிடித்த நேரம் போக மூன்று வருடத்தில் ஏழு வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் வந்தது. நீங்கள் எண்ணிய மஞ்சள் தொப்பிகள் அந்த வீடுகளிலிருந்து வருபவை. நல்ல எண்ணத்தில் செய்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வீம்புக்குச் செய்தான். இருந்தாலும் கூரை ஒழுகவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் முடி வெட்டுவதில்லை. பலகையில் விரிசல் என்று பொய் சொல்லி நகரத்துக்கு அனுப்பிவிடுகிறேன். விரிசல் எதுவும் இல்லை. அந்த ரேடியோவை நகர்த்த எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மறுபடியும் எங்களைப் பற்றி எழுதாதீர்கள். பேருந்து நின்றால் தாய்மார்கள் முறை வைத்துக் காரில் கொண்டுபோவார்கள். போன ஜனவரியில் கணவாய் வளைவில் ஒரு கார் வழுக்கித் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றது. உள்ளே மூன்று பிள்ளைகள். யாருக்கும் அடியில்லை. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. பார்த்துக்கொள்வோம்.

இசோபே


2022 மார்ச் 2

இசோபே சான்,

எழுதமாட்டேன். நீங்கள் எழுதலாம் என்று சொல்லும் வரை ஒரு வரிகூட எழுதமாட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பழைய கட்டுரைக்குத் திருத்தம் போட வேண்டும் என்று எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன். "நம்பர்ல தப்பு இல்லையே, எதுக்குத் திருத்தம்?" என்றார். அவர் சொல்வது உண்மை. 2015-இல் அறுபத்தெட்டு பேர், பதினைந்துக்குக் கீழே ஒருவரும் இல்லை. எல்லாம் சரியான எண்கள். ஆனால் சென்சஸ் சொல்வது அக்டோபர் முதல் தேதி அன்று யார் அங்கே இருந்தார்கள் என்பதை மட்டும்தான். அடுத்து யார் ஏணியோடு கிளம்புவார்கள் என்று அது சொல்லவில்லை. நான் ஸ்கேலை வைத்துப் பத்து வருடத்துக்குக் கோடு இழுத்தேன். கோட்டுக்குச் சாட்சியாக உங்கள் வேடிக்கைப் பேச்சை வைத்தேன். எண் என்னிடம் ஒரு கேள்வியைத்தான் கொடுத்திருந்தது. நான் அதைப் பதில் என்று அச்சடித்துவிட்டேன்.

நகர அலுவலகத்துக்கும் போனேன். திட்டத்தின் அட்டவணையைத் தோக்கியோவில் ஒரு ஆலோசனை நிறுவனம் தயாரித்தது. 'தெரியவில்லை' கட்டம் எங்கே என்று கேட்டதற்கு, பக்கத்தின் அகலத்தில் அடங்கவில்லை, அதனால் எடுத்துவிட்டார்கள் என்றார் திட்டப் பிரிவு அதிகாரி. குடியிருப்புப் பதிவேடு இதே கட்டடத்தின் கீழ்த் தளத்தில் இருக்கிறதே, பிள்ளைகளின் வயது அதில் இருக்குமே என்றேன். அது வேறு பிரிவு என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஊரே தன் கணக்கை முத்திரையோடு மார்ச் 11-க்குள் கொடுத்தால் கூட்டத்தில் வைக்கிறேன் என்று அவராகவே சொன்னார்.

அதைத் தொகுரா சானிடம் போய்ச் சொன்னேன், முதல் பேருந்தில்தான். அவர் சொன்னதை உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் அதுவும் ஒரு மறைப்பு.

"சுற்றுப் பலகையில தாள் வைக்கறதுக்கு எனக்கு அரை நிமிசம் ஆகாது. ஆனா ஊரு வாய மூடிக்கிட்டது அந்த வீட்டுக்காக. இசோபே வீட்டு முத்திரை முதல்ல விழட்டும், அப்பறம் நாங்க எழுதறோம். நான் போய்க் கேக்க மாட்டேன். நான் கேட்டா அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது."

நானும் கேட்கவில்லை. அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

குஸே மசாதோ


2022 மார்ச் 7

குஸே சான்,

உங்கள் கடிதத்தை இரவுச் சாப்பாட்டின்போது கியோதாகாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இந்த வீட்டில் ஐந்து வருடமாக யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவன் கிண்ணத்துச் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"அந்த ஆளு பஸ்லயா வந்தாரு?"

"ரெண்டு தடவையும் பஸ்லதான்."

"அப்ப எழுதும்மா. எனக்கு முப்பத்தஞ்சு. அதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?"

பிறகு நான் அன்று சிரித்துக்கொண்டு சொன்னதையும் சொன்னேன். தெரியும் என்றான். நீ அழுதுகிட்டு சொல்ற ஆளா, பேப்பரப் படிக்கும்போதே தெரியும் என்றான். இதைக் கேட்கவா ஐந்து வருடம் காத்திருந்தேன் என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன். மற்ற வீடுகளைப் பற்றி நான் பேசக் கூடாது. என் வீட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. 2020 அக்டோபரில் முகமூடியோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று, படிவம் கொடுப்பது சட்டப்படி கடமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன் அல்லவா? என் வீட்டுப் படிவம் சீப்பு வைக்கும் இழுப்பறையில் வெறுமையாகவே கிடந்தது. ஊர் முழுக்க எனக்காக வாயை மூடும்போது நான் மட்டும் எப்படி எழுதுவேன்? கடைசி நாள் வந்தது. பதில் தராத வீட்டுக்குக் கையேடு என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். உங்கள் பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"பொம்பள ஒண்ணு, ஆம்பள ஒண்ணு. வயசு தெரியாது."

நாற்பது வருடமாக என் பிறந்தநாளுக்குச் சிவப்பு மொச்சைச் சோறு கொண்டுவந்து தருகிறவர் அவர். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டோம். நான் எழுதிக்கொண்டு வந்தேன். உங்கள் ஐம்பத்தாறில் இரண்டு பேர் நாங்கள்.

இதை என் பெயரோடு போட்டுக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பாளரே கணக்குக் கொடுக்கவில்லை என்றால்தான் அந்தக் கட்டத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். இன்று காலை சுற்றுப் பலகை என் வீட்டிலிருந்து கிளம்பியது. முதல் வரி: இசோபே சிஸுரு, பெண், 59. இரண்டாவது வரி: இசோபே கியோதாகா, ஆண், 35. முத்திரையை நான்தான் வைத்தேன். கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது.

இசோபே


2022 மார்ச் 18

இசோபே சான்,

தொகுரா சான் வந்து சொல்லியிருப்பார். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

நேற்றைய கூட்டத்தில் உங்கள் ஊர்த் தாளை நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். இருபத்தாறு வீடு, இருபத்தாறு முத்திரை, அறுபத்து நான்கு பேர். பதினைந்துக்குக் கீழே பதினொரு பேர், எழுபத்தைந்துக்கு மேலே பத்தொன்பது பேர், 'தெரியவில்லை' கட்டத்தில் யாரும் இல்லை. உறுப்பினர் ஒருவர் முதல் திட்டத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று எப்படி முப்பதானது என்று கேட்டார். தொகுரா சான் எழுந்து, "எங்களுக்கும் வயசு இருக்கு, யாரும் வந்து கேக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

காலையும் மாலையும் பேருந்து நாமிசாகி வரை வரும். மதிய வண்டி மட்டும் ரத்து. 2025 சென்சஸ் எண்கள் வந்த பிறகு மறுபடியும் பார்ப்பார்கள்.

கட்டுரை இன்று காலை வந்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். யாருடைய வயதையும் போடவில்லை, கூட்டுத்தொகை மட்டும்தான். உங்கள் இழுப்பறைப் படிவத்தை நீங்கள் எழுதிய வார்த்தைகளிலேயே போட்டேன். அதன் கீழே சின்னப் பெட்டிக்குள் நான்கு வரி இருக்கிறது. 2017 தலைப்பு சென்சஸ் சொன்னதல்ல, நிருபரின் ஊகம் என்றும், இசோபே சிஸுரு அந்த வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார் என்றும். சிரிச்சதுக்கெல்லாம் திருத்தம் போட்டால் பேப்பர் பத்தாது என்று ஆசிரியர் சண்டை போட்டார். இரண்டு மணி நேரம் அவர் மேசை அருகிலேயே நின்றேன்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் கியோதாகா சானைப் பார்த்தேன், தொகுரா சானை அழைத்துப் போக வந்திருந்தார். நான் தலை தாழ்த்தினேன். அவரும் லேசாகத் தாழ்த்தினார். உங்கள் பெயரைப் போட்டதில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது என்ற கவலை மட்டும் இருக்கிறது.

குஸே மசாதோ


2022 ஏப்ரல் 10

மசாதோ சான்,

செர்ரி பூத்து, மழையில் உதிர்ந்தும் விட்டது. பூவைப் பற்றி விசாரிக்கத் தைரியம் இல்லை என்றீர்களே, அதனால் நானே சொல்கிறேன்.

நகர அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். தேநீர் கொடுத்து, மரியாதையாகப் பேசி, அடுத்த சென்சஸுக்கு உங்களுக்குச் சிரமம் தரமாட்டோம் என்றார்கள். வேலையிலிருந்து எடுப்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. நான்கு முறை போதும். 2025-இல் வேறு யாராவது வந்து என் கதவைத் தட்டட்டும். படிவத்தை முதல் நாளே நிரப்பி, தேநீரும் கொடுத்து அனுப்புகிறேன். தொகுரா, மன்றத்துக் கண்ணாடிக்குள் உங்கள் புதுக் கட்டுரையைப் பழையதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பழையதை எடுக்கமாட்டாராம். பாக்கி ஐந்து வருடத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் எடுப்பாராம்.

போன புதன்கிழமை அந்த இரட்டைப் பின்னல்காரி தன் தம்பியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மறுநாள் அவனுக்கு முதல் வகுப்பு தொடங்க இருந்தது. அம்மா வேலைக்குப் போய்விட்டாள், நகரத்துக்குக் கூட்டிப்போக ஆளில்லை. "பலகை ஒடஞ்சிருந்தா பரவால்ல பாட்டி, இவன் நின்னுக்கிட்டே வெட்டிக்குவான்" என்றாள். எனக்குச் சொல்ல ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. ரேடியோவைத் தூக்கித் தரையில் வைத்தேன். பலகையைத் துடைத்துக் கைப்பிடிகளில் போட்டு அவனை ஏற்றி உட்கார வைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், இடது காதுப்பக்கம் கொஞ்சம் ஏற்றம் இறக்கமாகிவிட்டது. அவன் இறங்கியதும் வெளியே இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

நாற்காலியில் உட்கார ஆள் இருக்கிறது. ரேடியோவுக்குத்தான் இடமில்லை, இன்னும் தரையில் கிடக்கிறது. இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். போடுவதானால் அப்படியே போடுங்கள்.

உங்களுக்கு முடி வளர்ந்திருக்கும். முதல் பேருந்தில் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு நாற்காலி காலியாக இருக்கும்.

இசோபே சிஸுரு